மேலே இருந்ததாகப் பதிவு

"பயணி ஒவ்வொருவரும் தம் அறை அட்டையைத் தாமே வைத்திருக்க வேண்டும். அபாயச் சங்கு ஒலித்தால் வேறெங்கும் போகாமல் கூடுமிடத்துக்கு வர வேண்டும். அங்கே பணியாளர் பயணியின் முகத்தை நேரில் பார்த்த பிறகே அட்டையைப் பதிய வேண்டும்."

எங்கள் கப்பல் அறைக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்த தாளில் ஒன்பதாவது விதி இது. தமிழாக்கம் என்னுடையது. மூன்று வாக்கியங்கள். முதலாவதை மீறியவன் நான். இரண்டாவதை மீறியவள் என் மனைவி. மூன்றாவதைக் கப்பலே பார்த்துக்கொண்டது.

முப்பத்தொரு வருடம் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தீயணைப்புக் குடுவையின் காலாவதித் தேதியைப் பார்க்காமல் எந்தக் கல்யாண மண்டபத்திலும் பந்தியில் உட்கார்ந்ததில்லை. இதனால் எங்களுக்கு வரும் அழைப்பிதழ்கள் கொஞ்சம் குறைந்தன. மனைவிக்கு அதில் வருத்தம். எனக்கு, வாயு பிரச்சினை குறைந்தது.

கப்பல் பயணம் என் யோசனை இல்லை. பொம்மனஹள்ளியில் இருக்கும் என் மச்சான், மனைவியின் தம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது கைபேசியில் படம் காட்டினான். சென்னைத் துறைமுகத்தில் ஏறி, இலங்கைக் கரையைத் தொட்டுவிட்டு ஐந்தாம் நாள் திரும்பும் கப்பல்.

"மாமா, ரிட்டயராகி ஏழு வருஷம் ஆச்சு. நீங்க பாத்த ஒரே தண்ணி அல்சூர் ஏரிதான். அக்காவுக்காவது கடலைக் காட்டுங்க" என்றான். பிறகு, "லைஃப் ஜாக்கெட் அவங்களே குடுப்பாங்க. வீட்லேர்ந்து எடுத்துட்டு வராதீங்க."

நான்கு பேருக்கும் அவனே பதிவு செய்தான். கிளம்பும் வாரம் அவன் பேத்திக்கு அம்மை போட்டது. நாங்கள் இருவர் மட்டும் போனோம். பொங்கல் முடிந்த கையோடு, ஜனவரியில்.

நாங்கள் இரண்டு பேரும் கோலார் தங்கவயலில் பிறந்தவர்கள். இரண்டு பேருடைய அப்பாக்களும் பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர்கள். எங்கள் ஊரில் ஆபத்து என்றால் அது கீழேயிருந்துதான் வரும். அதனாலோ என்னவோ, கப்பல் கரையை விட்டு நகர்ந்ததும் மற்றவர்கள் எல்லாம் தூரத்தைப் பார்த்தார்கள். நாங்கள் இருவரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நேர் கீழே தண்ணீரைப் பார்த்தோம். அது கறுத்து, பிறகு நீலமாகி, பிறகு நிறமே இல்லாத ஒன்றாக மாறியது. "எவ்ளோ ஆழம் இருக்கும்?" என்று கேட்டாள். தெரியவில்லை என்று நான் சொன்னது அவளுக்கே ஆச்சரியம்.

இப்போது நினைத்தால் அந்த நாட்கள் மதியத் தூக்கத்தில் கண்ட ஒரே நீளமான கனவு போல இருக்கின்றன. எங்கே போனாலும் காலடியில் கம்பளம், நடந்தால் சத்தம் கேட்காது. அறைகளுக்கு நடுவே போகும் நடைவழி, ஒரே மாதிரிக் கதவுகள், ஒரே மாதிரி மஞ்சள் விளக்குகள், கண்ணுக்கு எட்டும்வரை. தரை மெல்லச் சாய்ந்து, யோசித்து, மறுபடி நேராகும். யாரோ மிகப் பெரிய ஒருவர் தூக்கத்தில் மூச்சு விடுவது போல. இரண்டாம் நாளே எனக்குக் கிழமை மறந்துவிட்டது. பதவியில் இருந்தபோது இப்படி ஆகியிருந்தால் மருத்துவச் சான்றிதழ் கேட்டிருப்பார்கள்.

ஆனால் முதல் நாள் மாலையே செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டேன். ஏழு குறுஞ்சங்கு, ஒரு நெடுஞ்சங்கு என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒத்திகைக்கு எல்லோருக்கும் முன்னால் போய் நின்றோம். எங்கள் அறையிலிருந்து மாடிப்படி வரை எத்தனை கதவு என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். இருபத்திரண்டு. புகை வந்தால் கண் உதவாது, கைதான் உதவும், சுவரைத் தடவிக்கொண்டே கதவை எண்ணிப் போக வேண்டும். எதிரே வந்த ஒரு குஜராத்திக் குடும்பம் எங்களைப் பார்த்துவிட்டு, ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டது. அவள் சிரித்துச் சிரித்து நடுவில் எண்ணிக்கையைத் தவறவிட்டாள். மறுபடி முதலிலிருந்து எண்ண வைத்தேன்.

இரண்டாம் நாள் காலை, தன் அட்டையைச் சாப்பாட்டுக்கூடத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். அந்த அட்டைதான் அறைச் சாவி, அதுதான் அடையாளம், எல்லாம் அதுதான். திரும்பிப் போய்த் தேடினேன். தயிர் வடைப் பாத்திரத்துக்கு அருகில் கிடந்தது. அதற்குப் பிறகு இரண்டு அட்டைகளையும் என் கழுத்துப் பையிலேயே போட்டுக்கொண்டேன்.

"நான் ரூமுக்குள்ள போகணும்னா?" என்று கேட்டாள்.

"நான்தான் இருப்பேனே" என்றேன்.

இதில் நான் வெட்கப்பட வேண்டியது ஒன்று உண்டு. தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கும் ஒவ்வொருவருக்கும் எண் போட்ட பித்தளைப் பில்லை ஒன்று இருக்கும். இறங்கும்போது ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு போவார்கள், ஏறி வந்ததும் திரும்ப மாட்டுவார்கள். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று பொருள். ஒருவன் பில்லையை இன்னொருவன் மாட்டக் கூடாது. கூடப் பிறந்த தம்பியாக இருந்தாலும், அவன் பின்னாலேயே பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றாலும் கூடாது. என் அப்பாவுக்குத் தெரிந்த கட்டளைகள் பத்து அல்ல, பதினொன்று. இதை எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் நான் கதையாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். கழுத்துப் பையில் இரண்டு அட்டை போட்டபோது அது நினைவுக்கு வரவில்லை. கல்யாணமாகி நாற்பது வருடம் ஆனவனுக்கு, மனைவி இன்னொரு ஆள் என்பது சில சமயம் மறந்துவிடுகிறது.

மூன்றாம் நாள் மதியம். கடல் தகடு போல இருந்தது. காற்றே இல்லை. சாப்பிட்டதும் அவள் மேல்தளத்தில் கூடாரத் துணியின் நிழலில் சாய்வு நாற்காலி பிடித்துக்கொண்டாள். நான் வழக்கம்போல் தூங்குவதற்கு அறைக்கு இறங்கினேன். சாப்பாட்டுக்குப் பின் என் தூக்கம் எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். பக்கத்து வீட்டுக்குச் சாவு மேளம் வந்தும் எழாதவன் என்று மச்சான் சொல்வான். அன்று மட்டும் ஏனோ சீக்கிரம் விழிப்பு வந்தது. காபி குடிக்கலாம் என்று ஐந்தாம் தளத்துக்குப் போனேன். அதற்குப் பக்கத்து மண்டபம்தான் எங்களுடைய கூடுமிடம்.

கோப்பையை வாயில் வைத்தபோது சங்கு ஊதியது. ஏழு குறுஞ்சங்கு. ஒரு நெடுஞ்சங்கு. ஒத்திகை இல்லை என்று ஒலிபெருக்கியில் ஒரு குரல், வானிலை அறிக்கை வாசிக்கும் நிதானத்தில், மூன்று முறை சொன்னது.

கோப்பையை மேசை விளிம்பிலிருந்து தள்ளி வைத்துவிட்டு, இருபத்தைந்து அடி நடந்து கூடுமிடத்தில் நின்றேன். முதல் ஆள் நான்தான். நீலச் சட்டை போட்ட ஒரு மணிப்பூர்ப் பெண் கையில் பதிவுக் கருவியோடு ஓடி வந்தாள். என் அட்டையைக் கேட்டாள். பையிலிருந்து எடுத்தபோது இரண்டும் சேர்ந்தே வந்தன. மேடம் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மேலேதான் இருக்கிறாள், இதோ வந்துகொண்டிருக்கிறாள் என்றேன். எனக்குப் பின்னால் கூட்டம் நெருக்கியது. அவள் இரண்டு அட்டையையும் பதிந்தாள். இரண்டு முறை பச்சை விளக்கு எரிந்தது.

அந்தப் பச்சையைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி வந்தது. அவளையே பார்த்துவிட்டது போல. எல்லாவற்றையும் விட இதுதான் இன்றுவரை எனக்கு விளங்காதது.

மண்டபம் நிறைந்தது. மேல்தளத்திலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஈரக் கால்சட்டையோடு குழந்தைகள், கையில் சீட்டுக்கட்டோடு ஒருவர். பழுப்பு நிறச் சேலை ஒவ்வொன்றையும் பார்த்தேன். எதிலும் அவள் இல்லை. எங்கிருந்தோ கருகிய ரப்பர் வாசனை மெல்லியதாக வந்தது. நீலச் சட்டைப் பெண்ணிடம் போய், என் மனைவி இன்னும் வரவில்லை என்றேன். அவள் கருவியைத் திருப்பிக் காட்டினாள். வந்துவிட்டார்களே, சார். அறை எண், பெயர், படம், பச்சை. இவள் வரவில்லை, அட்டைதான் வந்தது என்று விளக்கினேன். அவளுக்குப் பின்னால் இருநூறு பேர். எல்லோரும் வந்தாயிற்று என்று மேலே தகவல் கொடுத்துவிட்டேன் சார், இங்கேதான் எங்காவது கூட்டத்தில் இருப்பார்கள் என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். பதிவேட்டில் இருக்கிறதே, பிறகென்ன என்று முப்பத்தொரு வருடம் நான் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

நான் போய்த் தேடுகிறேன் என்றேன். யாரும் வெளியே போகக் கூடாது என்றாள். அது விதி. விதி சரியானது. நான் நின்றேன். இந்த வயதிலும் அவளை விலக்கிவிட்டு ஓடியிருக்க முடியும். நின்றேன்.

அந்த நேரத்தில் என் மனைவி எங்கே இருந்தாள் என்பதை அவள் ஒரே மூச்சில் சொல்லவில்லை. ஐந்து மாதத்தில் துண்டு துண்டாக, கீரை ஆயும்போதும் துணி மடிக்கும்போதும் சொன்னாள். நான் சேர்த்து வைத்திருப்பது இது.

சங்கு ஊதியதும் எல்லோரும் ஒரு திசையில் போனார்கள். அவள் வேறு திசையில், கூடுமிடத்துக்கும் கீழே போனாள். நான் அறையில் பிணம் மாதிரித் தூங்குகிறேன் என்று அவளுக்குத் தெரியும். நான்கு தளம் படியிறங்கினாள். எதிரே ஏறி வந்தவர்கள் அவளைத் திருப்ப முயன்றார்கள்; சரி சரி என்று தலையாட்டிவிட்டுச் சுவரோரமாக இறங்கினாள். கடைசியில் நடைவழியில் யாருமே இல்லை. விளக்கு மங்கி, தரையோரம் மட்டும் ஒரு பச்சைக் கோடு ஒளிர்ந்தது. புகை இல்லை, ஆனால் காற்று தடித்திருந்தது. கதவு எண்கள் கண்ணில் நிற்கவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே எண்ணினாள். இருபத்திரண்டு. தவறவே இல்லை என்று சொன்னாள்.

கதவு பூட்டியிருந்தது. அவளிடம் அட்டை இல்லை. தட்டினாள். பிறகு இரண்டு கையாலும் அடித்தாள். உள்ளே சத்தமில்லை. ஒலிபெருக்கியில் அந்த நிதானமான குரல், பயணிகள் அனைவரும் கூடுமிடத்தில் பத்திரமாக இருக்கிறார்கள் என்று அறிவித்தது. அதை அவள் கேட்டாள். கதவில் காதை வைத்தபடி கேட்டாள்.

துணி வெளுக்கும் பகுதியில் உலர்த்தி ஒன்று தீப்பிடித்திருக்கிறது. அணைத்துவிட்டார்கள். பத்தொன்பது நிமிடம் கழித்து எங்களை விடுவித்தார்கள். நான் மேல்தளத்துக்குத்தான் முதலில் ஓடினேன், அங்கே காலி நாற்காலியைப் பார்த்துவிட்டுக் கீழே வந்தேன். நடைவழியின் மறுகோடியில், எங்கள் கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்த நடைவழியில் நான் ஓடியது இன்னும் முடியவில்லை. கால் கம்பளத்தில் புதைகிறது, கதவுகள் வந்துகொண்டே இருக்கின்றன, அவள் அதே தூரத்தில் இருக்கிறாள்.

நிமிர்ந்து பார்த்தாள். உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன.

"உள்ள இல்லியா நீங்க?"

"மேல இருந்தேன். கூடுமிடத்துல."

என் கழுத்துப் பையைப் பார்த்தாள். "என் கார்டு?"

"என்கிட்டதான்."

அதற்குப் பிறகு அவள் அழுதாள். நான் செத்துவிட்டேன் என்று அழவேண்டியதை, உயிரோடு நிற்பதைப் பார்த்துக்கொண்டே அழுது முடித்தாள்.

அன்று மாலையே, சங்கு ஊதினால் கீழே போகக் கூடாது என்று சொல்லித்தானே கொடுத்தேன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. எங்கள் ஊரில் பாறை அழுத்தம் தாங்காமல் உள்ளே வெடிப்பதை ஏர் பிளாஸ்ட் என்பார்கள். வெடித்தால் சங்கு ஊதும். ஊதினால் வீடுகளில் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பெண்கள் சுரங்க வாய்க்கு ஓடுவார்கள். அவள் தன் ஏழு வயதில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓடியவள்.

"சங்கு ஊதினா நம்ம ஆளு எங்கன்னு போய்ப் பாக்கணும்" என்றாள். "ஒதுங்கி நிக்கறதுக்கா ஊதறாங்க?"

நானும் அதே ஊர்தான். என் அம்மாவும் ஓடியவள்தான்.

பெங்களூரில் எங்கள் விவேக் நகருக்குத் திரும்பி ஒரு வாரம் வீடு ஆடிக்கொண்டிருந்தது. பல் தேய்க்கும்போது கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொள்வேன். வியாழக்கிழமை பக்கத்துக் கோயிலில் நவநாள் செபத்துக்கு வரும் கூட்டம் தெருவை அடைத்து நிற்க, பேருந்து ஒன்று நீளமாக ஒலிப்பான் அடித்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்குவோம். எனக்கு ஆட்டம் நின்றுவிட்டது. அவளுக்குக் கனவு நிற்கவில்லை. மதியம் கண்ணயர்ந்தால்கூட வந்தது.

ஒருநாள் என்ன கனவு என்று கேட்டேன். நான் கதவுக்குள் செத்துக் கிடக்கும் கனவாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன்.

"கதவைத் தட்டிட்டே இருக்கேன். மேல என் பேரைக் கூப்பிடறாங்க. யாரோ, 'வந்துட்டாங்க'ன்னு சொல்றாங்க. உடனே எல்லாரும் படகுல ஏறிப் போயிடறாங்க" என்றாள். "யாரும் தேட மாட்டாங்க, இல்ல? நான்தான் வந்தாச்சே."

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அந்தக் கப்பலில், எங்கோ ஒரு பதிவேட்டில், அவள் மேலே நின்றதாக எழுதியிருக்கிறது. அது மாற வேண்டும்.

பதிவேட்டை மாற்றுவது என்றால் என் துறை. கப்பல் நிறுவனத்துக்கு நான்கு பக்கத்தில் கடிதம் எழுதினேன். ஒன்பதாம் விதியின் மூன்றாம் வாக்கியத்தை மேற்கோள் காட்டி, முகம் பார்க்காமல் அட்டை பதிந்ததன் விளைவுகளை வரிசைப்படுத்தி, இப்படியொரு கடிதம் எழுதப் பயிற்சி பெற்ற ஒருவனைப் பயணியாக ஏற்றியது அவர்கள் துரதிர்ஷ்டம் என்று தோன்றும்படி. அனுப்பும் முன் அவளிடம் காட்டினேன். அவள் இருபத்தாறு வருடம் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். சிவப்புப் பேனா இல்லாமல் எதையும் படிக்க மாட்டாள். பிழை ஒன்றும் திருத்தவில்லை. இரண்டாம் பக்கத்தில், "பணியாளர் இரு அட்டைகளையும் பதிந்தார்" என்ற வரியில், 'பணியாளர்' என்பதற்கு அப்புறம் மட்டும் ஒரு சிறு கூரைக்குறி போட்டிருந்தாள். ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று மாணவர்களுக்குக் காட்டும் குறி.

என்ன விட்டுப்போயிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. புதிதாக அச்சடித்து, விட்டுப்போனபடியே அனுப்பினேன்.

மின்னஞ்சலில் ஒரு ரசீது எண் வந்தது. பத்து நாள் கழித்து, இயந்திரம் எழுதிய ஒரு பத்தி: எங்கள் பதிவுகளின்படி நீங்கள் இருவரும் குறித்த நேரத்தில் கூடுமிடத்தில் இருந்தீர்கள், உங்கள் பாதுகாப்பே எங்கள் மகிழ்ச்சி. எந்த அலுவலக வழக்கப்படியும் இதற்குப் பதில் என்று பெயர் கிடையாது. இரண்டு நினைவூட்டல் அனுப்பினேன். அதே பத்தி இரண்டு முறை வந்தது. அவளிடம் காட்டிக் கோபப்பட்டேன்.

"அவங்க சொல்றது சரிதானே" என்றாள். "நீங்க குடுத்த கணக்குதானே அது."

மச்சான் அப்போது கூடத்தில் இருந்தான். எதற்கும் ஏதாவது சொல்பவன். கைபேசியைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டான்.

இரண்டாம் கடிதம் அரைப் பக்கம்தான். எழுத மூன்று வாரம் ஆனது. என் மனைவியின் அட்டையை அவளிடமிருந்து வாங்கி வைத்திருந்தவன் நான். அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாமல், வந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்லி, அதைப் பணியாளர் கையில் கொடுத்தவன் நான். அந்தப் பணியாளர் மேல் நடவடிக்கை வேண்டாம். நஷ்டஈடு வேண்டாம். அன்றைய பதிவேட்டில் என் மனைவிக்கு எதிரே இருக்கும் குறிப்பைத் திருத்தினால் போதும். தொழில்முறைத் தகுதிகளைக் கையெழுத்துக்குக் கீழே போடுவது என் வழக்கம்; அதில் போடவில்லை. இதையும் அவளிடம் கொடுத்தேன். படித்தாள். பேனாவை மூடி வைத்தாள். பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன்.

ஒப்புகை வந்தது. பிறகு எதுவும் வரவில்லை. மார்ச் போய், ஏப்ரல் போய், மே மாத மழை வந்தது. இந்தக் கோடையில் கப்பலுக்குப் போகிறோம், ஏதாவது யோசனை சொல்லுங்கள் என்று கேட்டு எங்கள் தெருக்காரர்கள் இரண்டு மூன்று பேர் வந்தார்கள். ஆளுக்கு ஐம்பது யோசனை சொல்லக்கூடியவன், ஒன்றுதான் சொன்னேன்: அட்டையை அவரவர் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள், புருஷனிடம் கொடுக்காதீர்கள். சிரித்தார்கள். இன்னும் விவரமாகச் சொல்லுங்கள் என்றார்கள். அவ்வளவுதான் என்றேன்.

தபால்காரர் கொடுத்த உறையை வாசலிலேயே அவள் பிரித்தாள். கப்பல் நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவிலிருந்து, ஒரு மனிதர் கையெழுத்திட்ட கடிதம். ஆறே வரி. தாமதத்துக்கு வருந்துகிறோம். அட்டை மட்டும் பதியப்பட்டது, பயணி நேரில் காணப்படவில்லை என்பதை ஏற்கிறோம். அன்றைய பதிவேட்டில் திருத்தம் செய்யப்பட்டுள்ளது, நகல் இணைப்பில். அவள் நகலைக் கையைத் தள்ளிப் பிடித்து, வகுப்பில் வாசிப்பது போல நிறுத்தி, தமிழில் வாசித்தாள்.

"பிற்பகல் மூன்று பன்னிரண்டு முதல் மூன்று முப்பத்தொன்று வரை இந்தப் பயணி கூடுமிடத்தில் இல்லை. இருக்குமிடம் தெரியவில்லை."

கடைசி இரண்டு சொல்லை மறுபடி ஒருமுறை, மெதுவாக வாசித்தாள்.

"சரி" என்றாள். "இனிமே தேடுவாங்க."

தாளை என்னிடம் தரவில்லை. தானே எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். என் கையில் காலி உறை மட்டும் இருந்தது. கடிதம் வந்த தேதியை உறையின் மூலையில் குறிப்பது என் பழக்கம். குறித்தேன்: ஜூன் பதினேழு, செவ்வாய்க்கிழமை.